வலது கம்பத்தோரம்

திலீப் அடித்த பக் மறுபடியும் அதே இடத்தில் உள்ளே போனது. அதீஃபின் வலது பாதத்துக்கும் வலது கம்பத்துக்கும் நடுவே, பனித்தரையை உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் போய் வலையில் முட்டி நின்றது. அப்படியொன்றும் பலமான அடி இல்லை. தூரத்திலிருந்து வந்தது, வருவது கண்ணுக்குத் தெரிந்தது, அதீஃப் முழங்காலிட்டு விழுந்தும் இருந்தான். அப்படியும் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடைவெளி. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

“இன்னொன்னு அடி.”

“கை வலிக்குது லா, ப்ரோ. எப்படி அடிச்சாலும் அங்கதான் போவுது. நான் குறி வெச்சுக்கூட அடிக்கல.”

“குறி வெச்சு அடிச்சு உனக்கு என்னைக்குப் போயிருக்கு?”

“அதத்தான் சொல்றேன். நானே கோல் போடுறேன்னா உன்கிட்ட ஏதோ பெரிய ப்ராப்ளம் இருக்கு.”

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லைதான். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள், துள்ளாமல் சறுக்குவதற்காக. கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். அதன் முன்னால் நிற்பவனுடைய வேலை பாய்ந்து பாய்ந்து பிடிப்பது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாய வேண்டி வந்தாலே அவன் நின்ற இடம் தவறு என்று அர்த்தம். கோலின் இரண்டு கம்பங்களிலிருந்தும் பக் இருக்கும் இடத்துக்கு இரண்டு கோடுகள் இழுத்துப் பாருங்கள், ஒரு முக்கோணம் கிடைக்கும். கோல்கீப்பர் நிற்க வேண்டியது அதன் நட்டநடுவில். முன்னால் வர வர முக்கோணம் குறுகும், அவன் உடம்பே அதை அடைத்துவிடும். மிச்சமிருப்பது தரையோரம் மட்டும். அதற்குத்தான் முழங்கால்கள் இரண்டும் நடுவில் சேர, கணுக்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய விழுவது. மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த பூச்சி போல இருப்பதால் அதற்குப் பட்டர்ஃபிளை என்று பெயர். கால்களில் கட்டியிருக்கும் தடித்த பேட் இரண்டும் அப்போது தரையில் ஒரு சுவராகப் படுத்துக்கொள்ளும். அந்தச் சுவரின் வலது ஓரத்தில்தான் ஓட்டை.

முக்கோணத்தைச் சோதிக்க அன்று திலீப் நிஜமாகவே கயிறு கொண்டுவந்திருந்தான். சிங்கப்பூரின் பொங்கோலில் குடியிருப்பவன், வேலை லிஃப்ட் பராமரிப்பு, எதையும் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் நம்புவான். இரண்டு கம்பங்களிலும் கயிற்றைக் கட்டி, பக் இருந்த இடத்தில் முனைகளைச் சேர்த்துப் பிடித்தான். அதீஃப் நின்றது துல்லியமாக நடுவில். கயிற்றை அவிழ்த்துவிட்டு அடித்தான். கோல்.

பேட்டின் வார்களை மாற்றிக் கட்டிப் பார்த்தாகிவிட்டது. ஸ்கேட்டின் பிளேடைத் தீட்டியாகிவிட்டது. பனித்தரையில் அந்தப் பக்கம் பள்ளமோ என்று எதிர்முனை கோலுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் வலது ஓரம்தான்.

“லேட்டாயிட்டேன் போல,” என்றான் அதீஃப், முகக்கவசத்தைக் கழற்றி.

லேட் என்ற சொல் அவனுடையது அல்ல. சென்ற பருவத்தின் நடுவில் அவனை அனுப்பிவிட்ட ஸ்லோவாக்கியக் குழுவின் பயிற்சியாளர் சொன்னது. முப்பத்து மூன்று வயதில் ஒரு கோல்கீப்பரைப் பார்த்து லேட் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண் பார்த்துவிடுகிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது. அன்றிலிருந்து அவன் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் சீக்கிரம் விழப் பழகினான். சீக்கிரம் விழுந்தபோதும் இடைவெளி அதே அளவில் இருந்தது. அதுதான் கணக்கில் இடித்தது. தாமதம்தான் காரணம் என்றால், முந்திக்கொண்டால் இடைவெளி சிறுத்திருக்க வேண்டாமா?

போலந்தின் தெற்கு மலையோரத்தில் ஒரு சிறிய குழு அவனுக்காக இன்னும் காத்திருந்தது. அதன் மேலாளர் அனுப்பியிருந்த செய்தி சுருக்கமானது: ஞாயிற்றுக்கிழமை நீ ஆடும் ஆட்டத்தை முழுசாக அனுப்பு, வெட்டாமல், ஒட்டாமல். பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு யாரும் இல்லை. அது அதீஃபுக்குத் தெரியும், திலீபுக்கும் தெரியும்.

*

சுவா சூ காங்கில் அக்காள் ஷமீமாவின் வீட்டில்தான் அவன் தங்கியிருந்தான். பேட்டுகளையும் நெஞ்சுக்கவசத்தையும் துணிக்கொடியில் காயப்போட்டால் எதிர்வீட்டுக் கமலா அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

“ஷமீமா, எங்கயோ எலி செத்துக் கெடக்கு. டவுன் கவுன்சில்ல சொல்லணும்.”

“எலி இல்லக்கா. என் தம்பி.”

அவளுடைய வீட்டுக்காரர் யாக்கூப்புக்கு லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டிக் கடை. “என்னோடது பெட்டிக்கடை” என்று சொல்லிவிட்டு, கேட்பவர் குழம்புவதைப் பார்த்துத் தானே சிரிப்பார். இருபது வருஷமாக அதே நகைச்சுவை.

“மாப்ள, வெயில்ல காயுற ஊர்ல பொறந்து ஐஸ்ல வேல தேடுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்,” என்றார் அன்று சாப்பாட்டின்போது. “பேசாம கடைக்கு வா. ஏசி போட்டுத் தர்றேன். குளுரு போதலன்னா டுவென்ட்டி டிகிரி வெச்சுக்கலாம்.”

“மச்சான், ஞாயித்துக்கெழம முடியட்டும்.”

“எந்த ஞாயித்துக்கெழம?” என்று கேட்டாள் ஷமீமா. “போன வருசமும் ஒரு ஞாயித்துக்கெழம சொன்ன.”

உம்மா ஆமினா பீவி மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மகன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அவனை உற்றுப் பார்ப்பதும், அவன் திரும்பினால் வேறெங்கோ பார்ப்பதுமாக இருந்தார்.

பத்து வயதில், செராங்கூன் ரோட்டில் வாப்பா சேக் தாவூதின் துணிக்கடையில் விடுமுறைக் கூட்டம் நெரிந்தபோது, பிள்ளை காலுக்குள் சுற்றாமல் இருக்கட்டும் என்று யாரோ அவனைக் கடைத்தொகுதி ஒன்றின் பனிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஆடிய பையன்களுக்கு ஒரு கோல்கீப்பர் தேவைப்பட்டது. சறுக்கத் தெரியாதவனைத்தான் வலைக்கு முன்னால் நிறுத்துவது வழக்கம். நிறுத்தினார்கள். அவனுக்கு அது பிடித்துப்போனது. மற்றவர்கள் முன்னால் இருப்பதை மட்டும் பார்த்து ஓடினார்கள். கடைசி வரிசையில் நிற்கும் அவனுக்கு எல்லோருடைய முதுகும் தெரிந்தது, யார் எங்கே போகப்போகிறான் என்பது போகும் முன்பே தெரிந்தது.

கட்டாய ராணுவப் பணியான நேஷனல் சர்வீஸை முடித்த கையோடு ஸ்வீடனுக்குப் போனான். மூன்றாம் பிரிவுக் குழு. பகலில் கிடங்கில் வேலை, மாலையில் பயிற்சி. அங்கிருந்து ருமேனியா, பிறகு ஸ்லோவாக்கியா. பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே தொழுது, குளிரில் வெடித்த உதடுகளோடு வருஷங்கள் போயின. பெயரைத் தவறாக உச்சரித்துத்தான் கூட்டம் கத்தியது, ஆனாலும் கத்தியது. ஒரு ஜனவரியில் வாப்பா மயங்கி விழுந்து இறந்தபோது அவன் பனிப்புயலில் அடைபட்ட ஒரு விமான நிலையத்தில் இருந்தான். முஸ்லிம் வீடுகளில் அடக்கம் யாருக்காகவும் காத்திருக்காது. அவன் வந்து சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. அடுத்த வாரமே திரும்பிப் போனான், ஆட்டம் இருந்தது என்று. அந்தப் போக்குக்கு ஒரு முடிவு வேண்டும், அது லேட் என்ற ஒற்றைச் சொல்லாக இருக்கக் கூடாது என்பதுதான் இப்போது அவனுக்கு இருந்த ஒரே ஆசை.

*

சனிக்கிழமை மஃரிப், அதாவது அந்தித் தொழுகைக்கு, யாக்கூப் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வீட்டிலேயே ஜமாஅத், கூட்டுத் தொழுகை. அவர் முன்னால் நின்று தொழவைக்க, அதீஃப் அவருக்கு வலப்புறம் ஓரடி பின்தள்ளி நின்றான். உம்மாவும் ஷமீமாவும் பின்வரிசையில்.

சலாம் கொடுத்து முடித்து, துஆவும் முடிந்து, யாக்கூப் தொப்பியை மடித்துக்கொண்டே எழுந்து போன பிறகு ஷமீமா ஆரம்பித்தாள்.

“ஏன்டா, நீ என்ன இப்படி உக்கார்ற?”

“எப்படி?”

“கடைசி இருப்புல. கெழவன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு. ஒன் வலது காலு வெளியவே வர மாட்டேங்குது. அடியில போயி ஒளிஞ்சுக்குது.”

“நல்லாத்தான உக்கார்றேன் லாத்தா.”

“நீ எங்க பாத்த? முன்னால நிக்கிறவனுக்கு அவன் காலு தெரியுமா? பின்னால இருந்து நான்ல பாக்குறேன். சின்னப்புள்ளையில வாப்பா எத்தன தடவ ஒன் பெருவிரல மடக்கி வெச்சாங்க? எல்லாத்தயும் ஐஸ்ல தொலச்சிட்டு வந்துட்ட.”

அதீஃப் அக்காளையே பார்த்தான். “எப்பலேந்து?”

“நீ வந்ததுலேந்தே. ஏன், அதுக்கு முந்தி வந்தப்பவும்தான். உம்மாவ கேளு.”

உம்மா தொழுகை விரிப்பான முசல்லாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “நாக்காலி போட்டுத் தொழச் சொல்லலாம்னு இருந்தேன்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “வலிக்குதான்னு கேட்டா நீ இல்லன்னுதான் சொல்லுவ. போன்ல கேட்டா எப்பவும் அப்படித்தான சொல்லுவ.”

“வலிக்கலம்மா. நெசமாவே வலிக்கல.”

அது உண்மை. வலிக்கவில்லை. வலிக்கிறதா என்றுதான் குழு மருத்துவர்கள் கேட்டார்கள், இல்லை என்றுதான் அவன் சொன்னான், அதோடு விட்டார்கள்.

அவர்கள் வாப்பா வழியில் ஷாஃபி முறைப்படி தொழுகிறவர்கள். கடைசி இருப்பில் இடது காலை வலது காலுக்கு அடியில் நுழைத்து, இடது பிட்டம் தரையில் படிய உட்கார வேண்டும். வலது காலின் முழங்கால் முன்னே பார்த்திருக்க, பாதம் மட்டும் இடுப்புக்கு வெளியே பக்கவாட்டில் வந்து, விரல்கள் தரையை அழுத்த நிமிர்ந்து நிற்க வேண்டும். அதீஃப் மறுபடி தரையில் உட்கார்ந்தான். வலது பாதத்தைக் கையால் பிடித்து வெளியே இழுத்தான். பாதி தூரம் வந்தது. அதற்கு மேல், கதவுக்குப் பின்னால் யாரோ பெட்டியை வைத்துவிட்டது போல, நின்றுவிட்டது. இன்னும் இழுத்தான். பாதம் வரவில்லை. அதற்குப் பதிலாக இடுப்பு முழுவதும் வலப்பக்கம் திரும்பியது.

அவன் அப்படியே இருந்தான். முழங்கால் முன்னே, பாதம் பக்கவாட்டில். பட்டர்ஃபிளை என்பது இதே இருப்புத்தான். இங்கே ஒரு கால், அங்கே இரண்டு கால். தினமும் ஐந்து வேளை அவன் உடம்பு அவனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அவனுக்குப் பின்னால்.

கூட ஆடிய கோல்கீப்பர்கள் சிலருக்கு வந்து அவன் பார்த்திருந்த கோளாறுதான் இது. இடுப்பு மூட்டு என்பது ஒரு குழியும் அதற்குள் சுழலும் ஓர் உருண்டையும். உருண்டை எல்லோருக்கும் முழு உருண்டையாக இருப்பதில்லை. சிலருக்கு அது தொடையெலும்போடு சேரும் கழுத்தோரம் ஒரு சிறு மேடு இருக்கும். சாதாரண நடைக்கு அது குறுக்கே வராது. ஆனால் தொடையை மடக்கி உட்பக்கமாகத் திருப்பும்போது அந்த மேடு போய்க் குழியின் விளிம்பில் இடிக்கும். கோல்கீப்பர் ஒரு பயிற்சியில் எத்தனை முறை விழுவான் என்று எவரும் எண்ணுவதில்லை. இடித்து இடித்து விளிம்பின் குருத்தெலும்பு தேயும், எலும்பு இன்னும் தடிக்கும், திருப்பம் குறையும். உடம்பு கெட்டிக்காரத்தனமானது. வலிக்கும் இடத்துக்குப் போகாமல் சுற்றுவழி கண்டுபிடித்துவிடும். கால் திரும்பவில்லையா, இடுப்பைத் திருப்பு. அப்படித் திரும்பியதும் பாதம் பக்கவாட்டில் விரியாமல் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்குப் பேட் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அவ்வளவே. உள்ளங்கை அகலத்துக்குக் குட்டை.

அவன் லேட் இல்லை. நேரத்துக்குத்தான் விழுந்தான். விழுந்த இடத்தில் கால் இல்லை.

“என்னடா ஆச்சு?” என்றாள் ஷமீமா. அவள் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல லாத்தா. கண்டுபுடிச்சிட்டேன்.”

“கண்டுபுடிச்சா சந்தோசப்படணும்ல?”

உம்மா சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அவனிடம் நீட்டாமல், பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

*

ஞாயிறு காலை, ஆட்டத்துக்கு முன், திலீபைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தி, கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லிவிட்டு விழுந்து காட்டினான். இருவரும் திரையில் பார்த்தார்கள். இடது பாதம் கம்பத்தை நோக்கி நீண்டிருந்தது. வலது பாதம் அவன் பிட்டத்துக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது.

“அடப்பாவி,” என்றான் திலீப். “லிஃப்ட் கதவு மாதிரி. ஒரு பக்கம் ரெயில்ல ஏதோ அடச்சிருக்கு.”

“ஆமா.”

“சர்ஜரி பண்ணலாம்ல?”

“மேட்டைச் செதுக்கலாம். தேஞ்சது திரும்ப வராது. ஒரு வருசம் போயிடும். அப்ப எனக்கு முப்பத்தி நாலு.”

திலீப் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். “உள்பக்கம்தான திரும்ப மாட்டேங்குது? வெளிப்பக்கம்?”

அதீஃப் நின்றபடி வலது காலின் நுனியை வெளிப்பக்கமாகத் திருப்பினான். தடையே இல்லாமல் திரும்பியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பட்டர்ஃபிளை வருவதற்கு முன்னால் கோல்கீப்பர்கள் விழுந்ததில்லை. நின்றபடியேதான் தடுத்தார்கள். தரையோரம் வரும் பக்குக்குப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஸ்கேட்டின் பிளேடு பனியை விட்டு எழாமல் ஓர் அரைவட்டமாகக் கம்பம் வரை இழுப்பார்கள். அறுவடைக்காரர் அரிவாளை வீசுவது போல. அதற்கு உட்திருப்பமே தேவையில்லை. ஏன் கைவிட்டார்கள் என்றால், ஒற்றைக்காலில் நிற்பவனால் தடுத்துத் திரும்பிவந்த பக்கின் இரண்டாவது அடிக்குத் தயாராக முடியாது. இன்று தொழிலுக்காக ஆடுகிறவர்களில் அப்படி ஆடுபவர் யாரும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் அப்படி ஆடினால், பார்க்கும் எந்தப் பயிற்சியாளருக்கும் மறுநொடியே காரணம் தெரிந்துவிடும்.

“வீடியோவுல தெரியுமே, ப்ரோ,” என்றான் திலீப் மெதுவாக.

“தெரியும்.”

“இன்னைக்கு ஒரு நாள் பழையபடி விழுந்து ஒப்பேத்து. எதிரணிக்காரனுக்கு இந்த ஓட்டை தெரியாது. லக் இருந்தா அந்தப் பக்கம் அடிக்கவே மாட்டான்.”

முதல் பகுதியில் அதீஃப் அப்படித்தான் செய்தான். இங்கே வேலை பார்க்கும் ஃபின்லாந்துக்காரர்களும் கனடாக்காரர்களும் கலந்த எதிரணி அது. சிறுவயதிலிருந்து ஆடியவர்கள். ஆட்டம் சூடு பிடித்த சற்று நேரத்தில் வலது ஓரத்தில் ஒன்று போனது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. இரண்டாவது முறை அதை அடித்த நெட்டையன் தன் ஆள்களிடம் போய் மட்டையால் அந்த மூலையைச் சுட்டிக்காட்டினான். கடைசி வரிசையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும். அதுவும் தெரிந்தது.

இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து அவன் கையுறையைக் கழற்றி மாட்டினான், கழற்றி மாட்டினான். விழுந்தால் கோல் போகும், லேட் என்பார்கள். நின்றால் கோல் போகாது, இடுப்பு போய்விட்டது என்பார்கள். இரண்டு வழியிலும் போலந்து இல்லை. போலந்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது பக் மட்டும்தான். பக்கைத் தடுக்கத்தான் அவன் அங்கே நிற்கிறான்.

இரண்டாம் பகுதியில் நெட்டையன் மறுபடி அதே மூலைக்கு அடித்தான். அதீஃப் விழவில்லை. வலது கால் வெளியே திரும்பி, பிளேடு பனியைக் கீறிக்கொண்டு போய், கம்பத்துக்கு ஓரங்குலம் முன்னால் பக்கை வெட்டி மூலைக்கு அனுப்பியது. பார்வையாளர் வரிசையில் இருந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள். நெட்டையன் மூன்று முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டான். அதீஃபின் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. முதல் பகுதியில் போன அந்த இரண்டு கோல்கள்தான் காரணம்.

“முதல் பகுதிய மட்டும் வெட்டிட்டு அனுப்பலாமா?” என்றான் திலீப்.

“முழுசா கேட்டாங்க.”

முழுசாக அனுப்பினான். பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. அதீஃப் அப்போது யாக்கூப்பின் கடையில், ஊருக்குப் போகும் ஒரு தம்பதிக்குச் சக்கரம் வைத்த பெட்டிகளை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் பகுதி நன்றாக இருந்தது, வலது இடுப்பை மருத்துவரிடம் காட்டு, உனக்கு நல்லது நடக்கட்டும் என்று எழுதியிருந்தார் மேலாளர். அன்பான செய்திதான். லேட் என்ற சொல் அதில் இல்லை. அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியின் பூட்டு எப்படித் திறக்கும் என்று விளக்கினான். யாக்கூப் கல்லாவிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை.

வீட்டில் உம்மா நாற்காலி ஒன்றை அவனுடைய முசல்லாவுக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தார். அவன் அதில் உட்கார்ந்து தொழுதான்.

புதன்கிழமை திலீப் பக்குகள் நிறைந்த வாளியோடு பனிக்கூடத்துக்கு வந்தான். யாருக்காக ஆடுகிறோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் அடித்தான், வலது ஓரம், தரையோடு. நின்றது. இன்னொன்று. நின்றது. வாளி காலியாகும்வரை அந்த மூலையில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

“சரி, என்ன பண்றன்னு சொல்லு,” என்றான் திலீப், பக்குகளைப் பொறுக்கிக்கொண்டே. “இதே மாதிரி இடுப்பு அடச்சுக்கிட்ட எவனாவது கேட்டா சொல்லணும்ல.”

அதீஃப் சொன்னான். இடப்பக்கம் வந்தால் எப்போதும்போல விழலாம். வலப்பக்கம் தரையோடு வந்தால் முழங்காலை மடக்கக் கூடாது. நின்றபடியே பாதத்தின் நுனியை வெளிப்பக்கம் திருப்பி, பிளேடு பனியை விட்டு எழாமல், கம்பம் வரை இழுக்க வேண்டும்.